என் புல்தரையில் ஒரு கரும்பச்சைத் திட்டு: இது புது ரகம்தானா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

"பெர்முடா புல் (அருகம்புல் இனம்) போட்ட தரையில் இரண்டு கையகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் மற்ற இடத்தைவிடக் கருத்த பச்சையாக, நெருக்கமாக, குட்டையாக வளர்கிறது. சென்ற கோடையில் சுற்றியிருந்த புல் வாடியபோதும் இது வாடவில்லை. புது ரகம் என்றே நினைக்கிறேன். பெயர் வைத்து வெளியிட என்ன செய்ய வேண்டும்? நண்பர்கள் சிலர் இப்போதே துண்டு கேட்கிறார்கள்."

ஜனவரி 9, இரவு

பெயர் வைப்பது கடைசி வேலை. நண்பர்களுக்குத் துண்டு கொடுப்பதை மட்டும் இப்போதே நிறுத்தி வையுங்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அந்தத் திட்டு வேறாகத் தெரிவதற்குக் காரணம் புல்லா, அது நிற்கும் இடமா? இதற்கு விடை தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. புல்தரையில் திட்டுத் திட்டாகக் கருமை தட்டப் பல காரணங்கள் உண்டு. அடியில் குழாய் கசியலாம். என்றோ யூரியா சிந்தியிருக்கலாம். நாய் சிறுநீர் கழித்த இடத்தில் நடுப்பகுதி கருகி ஓரம் செழிக்கும். மண்ணுக்குள் மரவேர் மக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் சில பூஞ்சைகள் தழைச்சத்தை விடுவித்து வட்டமாகக் கரும்பச்சை காட்டும். கோடையில் வாடவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கசிவுதான்.

ஆனால் குட்டையாக இருக்கிறது என்கிறீர்கள். அதுதான் இடிக்கிறது. உரமும் தண்ணீரும் கூடுதலாகக் கிடைத்த புல் கருத்தால் கூடவே விறுவிறுவென்று உயரவும் வேண்டும். கருமையும் குட்டையும் சேர்ந்து வந்தால் ஒருமுறை குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஜனவரி 10

எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துண்டாகப் பெயர்த்துத் தொட்டியில் வைக்காதீர்கள். மண்ணும் கூடவே வந்துவிடும். எந்தக் கேள்விக்காகச் சோதிக்கிறோமோ அந்தக் கேள்வியே தொட்டிக்குள் ஏறிக்கொள்ளும். வேரை நன்றாக அலசிவிட்டு, ஓடுதண்டில் ஒரே ஒரு கணுவை வெட்டி அதை மட்டும் நடுங்கள். அது பிடித்து வளர்ந்து புதிய ஓடுதண்டு விட்டதும் அதிலிருந்து மறுபடி ஒரு கணு. இப்படி இரண்டு மூன்று சுற்று. தாய்ச்செடிக்குக் கிடைத்த ஊட்டம் வெட்டிய தண்டிலும் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். அது கழிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் சாதாரணப் புல்லுக்கும் இதே நடைமுறை, இதே மண், இதே அளவு தொட்டி. தொட்டிகளை ஒரே இடத்தில் நிலையாக வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

ஒற்றைக் கணுவில் தொடங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரே செடி என்று நாம் நினைக்கும் திட்டு, பின்னிக் கிடக்கும் இரண்டு மூன்று செடிகளாக இருக்கலாம். கணுவிலிருந்து வந்தால் கையில் இருப்பது ஒரே செடி என்பதில் சந்தேகம் இருக்காது.

ஊரறிந்த ரகம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பெர்முடா என்றால் டிஃப்வே போதும். ஒப்பீட்டு ரகம் இல்லாமல் செய்யும் சோதனை, ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு.

ஜனவரி 12

"வீட்டுப் புல்தரையில் கண்டெடுத்ததெல்லாம் ரகமாகிவிடுமா?" என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். ஆகியிருக்கிறது, ஐயா.

பென்சில்வேனியாவில் மெரியன் கோல்ஃப் மைதானத்தைப் பராமரித்து வந்த ஜோ வாலன்டைன் 1936-இல் கண்ட ஒரு திட்டுதான் பிறகு மெரியன் என்ற கென்டக்கி புளூகிராஸ் ரகமானது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மிதிபட்டும் சாகாமல் கிடந்த ரை புல் செடிகளை எடுத்து வந்து வளர்த்தார். அவற்றின் வழியில் 1967-இல் மன்ஹாட்டன் ரகம் வெளிவந்தது. டிஃப்வே என்றேனே, அதுவும் ஒருவகையில் கண்டெடுத்ததுதான். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த விதையை முளைக்க வைத்தபோது அதில் தற்செயலாகக் கலப்பாகி வந்திருந்த செடி அது. 1960-இல் வெளியிட்டார்.

மெரியனிலும் சென்ட்ரல் பார்க்கிலும் புல் கிடந்த இடத்தைக் கவனியுங்கள். பல ஆண்டுகளாக வெட்டும் மிதியும் குளிரும் நோயும் சேர்ந்து சலித்துப்போட்ட இடங்கள். பலவீனமான செடிகள் என்றோ போய்விட்டன. புதிதாகப் போட்டுத் தினமும் தண்ணீர் விட்டு வளர்க்கும் தரையில் அப்படி எதுவும் நடந்திருக்காது. புல் தேடுகிறவர்கள் பழைய பூங்காக்களையும் கல்லறைத் தோட்டங்களையும் சுற்றுவது அதற்காகத்தான்.

ஜனவரி 13

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் பூங்காவில் கத்தியோடு இறங்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. கென்டக்கி-31 என்ற ஃபெஸ்க்யூ புல் 1931-இல் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் கண்ணில் பட்டது. ரகமாக வெளிவந்தது 1943-இல். கண்டுபிடிப்புக்கு ஒரு பிற்பகல் போதும். மீதி அத்தனையும் காத்திருப்பும் கழித்துக்கட்டுவதும்தான். இந்த வேலையில் பெரும்பகுதி தூக்கியெறிவது. தூக்கியெறிய மனம் வராதவருக்கு இது ஒத்துவராது.

ஜனவரி 19

கலப்பு செய்து புது ரகம் உண்டாக்குவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எந்தப் புல் என்பதைப் பொறுத்து கதையே மாறிவிடும்.

பெர்முடாவில் பர்ட்டன் காட்டிய வழி இது. சாதாரண அருகம்புல்லுக்கு 36 குரோமோசோம். அதன் தென்னாப்பிரிக்க உறவான மெல்லிலைப் புல்லுக்கு 18. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வந்து பிள்ளைக்கு 27. ஒன்பது ஒன்பதாக மூன்று தொகுதி இருப்பதால் இணைசேரும்போது கணக்கு இடிக்கிறது, விதை பிடிக்காது. மலடு. விதையே இல்லாத புல்லால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், புல்தரைக்கு அது வரம். தன் விதை விழுந்து தாறுமாறான செடிகள் முளைப்பதில்லை. ஓடுதண்டை நட்டுப் பரப்பினால் எல்லாம் ஒரே செடி. தாயின் முரட்டுப் பரவலும் மற்றதன் மெல்லிய இலையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. டிஃப்கிரீன் 1956-இல் வந்தது இந்த வழியில்தான்.

கென்டக்கி புளூகிராஸ் வேறு ஜாதி. அதன் விதை பெரும்பாலும் கருவுறாமலே உருவாகிறது. அதாவது விதையிலிருந்து வருவது தாயின் நகல். குரோமோசோம் எண்ணிக்கை செடிக்குச் செடி 28-இலிருந்து 140-ஐத் தாண்டியும் போகும். இரண்டு நல்ல ரகங்களைப் பக்கத்தில் வைத்து மகரந்தம் தூவினாலும் முளைப்பவற்றில் மிகப் பல தாயைப் போலவே இருக்கும். நாற்று மேடையில் குனிந்து, இலை கொஞ்சம் அகலம், நிறம் கொஞ்சம் மாறுதல், கிளைக்கும் கோணம் வேறு என்று ஒற்றை மாறுபட்ட நாற்றைத் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் தன்னையே விதையில் நகலெடுக்கும் என்றால், அங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. தேடுவது சித்திரவதை, நிலைப்படுத்துவது சுலபம்.

ரை புல்லும் உயர ஃபெஸ்க்யூவும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதவை. அங்கே ரகம் என்பது ஒரு செடி கிடையாது, ஒரு கூட்டம். தேர்ந்தெடுத்த தாய்ச்செடிகளை ஒன்றாக நட்டுக் காற்றில் மகரந்தம் கலக்க விட்டு, அந்த விதையை மொத்தமாக எடுக்கிறார்கள். மன்ஹாட்டன் அப்படிப்பட்டதுதான். "எந்தச் செடி மன்ஹாட்டன்?" என்று கேட்டால் பதில் கிடையாது.

ஜனவரி 20

மலட்டு ரகம் என்றால் வளராது, களையாகாது என்று எழுதியிருப்பவருக்கு: விதைதான் கிடையாது. ஓடுதண்டும் மண்ணடித் தண்டும் இருக்கின்றனவே. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று சும்மாவா வாழ்த்துகிறோம்? பூப்பாத்திக்குள் நுழைந்த பெர்முடாவைப் பிடுங்கிப் பாருங்கள், வாழ்த்தின் முழு வலிமை தெரியும்.

ஜனவரி 27

மதிப்பெண் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், எனக்கு இதில் கோபம் உண்டு.

அமெரிக்காவின் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம் 1980-இல் தொடங்கியது. அங்கே 1 முதல் 9 வரை மதிப்பெண். 9 என்றால் இதற்கு மேல் இல்லை. 6 என்றால் ஏற்கத்தக்கது. 1 என்றால் செத்த புல். ஒரே ரகத்தைப் பல மாநிலங்களில், ஒவ்வோர் இடத்திலும் வழக்கமாக மூன்று பாத்திகளில், எந்தப் பாத்தி எந்த ரகத்துக்கு என்பதைக் குலுக்கிப்போட்டு நட்டு, ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். நிறம், இலையின் மென்மை, நெருக்கம், நோய், வறட்சி என்று தனித்தனி மதிப்பெண். எல்லாவற்றுக்கும் மேலாக "புல்தரைத் தரம்" என்று ஒன்று. கொடுப்பது மனிதக் கண்தான்.

அந்தக் கண் எப்படி ஏமாறும் என்பதை எழுதுகிறேன். புல்வெட்டும் இயந்திரம் போன திசையில் இலைகள் சாய்ந்து கிடக்கும். உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்த இலை தன் பரப்பைக் காட்டும், வெளிறித் தெரியும். உங்களை நோக்கிச் சாய்ந்தது நுனியைக் காட்டும், கருத்துத் தெரியும். ஒரே பாத்தியை இந்தக் கரையிலிருந்து பார்த்தால் 6, அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்தால் 7 என்று கை எழுதிவிடும். மதிப்பிட வருமுன் வெட்டிய திசையைக் கேட்டுக்கொண்டு, வெயிலை முதுகுக்கு வைத்து, எல்லாப் பாத்தியையும் ஒரே பக்கமிருந்து பார்க்க வேண்டும். மேகம் வந்து போகும் நாளில் பாதி வயலைப் பார்த்துவிட்டு மீதியை நாளைக்கு வைத்துக்கொள்வது கூடவே கூடாது. ஒரு முழு வரிசையாவது ஒரே வெளிச்சத்தில் முடிய வேண்டும்.

நின்றபடி பார்ப்பதோடு முடித்துவிடவும் கூடாது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் புல்லைப் பிளந்து அடியைப் பாருங்கள். மேலே பச்சை மூடியிருக்க, அடியில் விரற்கடை அளவுக்குப் பழுப்புச் செத்தை பஞ்சுபோல அமுங்கும். அந்த ரகம் இன்றைக்கு 8 வாங்கும். ஒருமுறை வெட்டு தவறி அடுத்த முறை தாழ்வாக வெட்டினால் பச்சை முழுக்கப் போய்ப் பழுப்பு மட்டும் நிற்கும். ரை புல்லாக இருந்தால் இலை நுனியையும் பாருங்கள்: சில ரகங்களில் வெட்டு சுத்தமாக விழும், சிலவற்றில் நார் கிழிந்து வெள்ளை நூல்களாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுவதும் சாம்பல் பூத்தது போலிருக்கும். உரம் போதவில்லை என்று உரத்தைக் கொட்டுவார்கள். குறை இலையின் நாரில் இருக்கிறது.

ஜனவரி 28

நேற்று எழுதியதில் என் கோபம் எதன்மேல் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். சராசரியின்மேல்.

ஒரு ரகம் ஆண்டு முழுவதும் 6. இன்னொன்று பத்து மாதம் 7, இரண்டு மாதம் 2. கூட்டி வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும், சொல்லப்போனால் இரண்டாவதே ஒரு நூலிழை மேல். வீட்டுக்காரர் எதை விரும்புவார்? 2 வாங்கிய மாதத்தில் வெற்றிடம் விழுந்து களை நுழைந்துவிடும். பிறகு வரும் 7 பாதி களைக்குக் கிடைத்த 7. எனவே ஒரு ரகத்தை எனக்கு அறிமுகப்படுத்துகிறவரிடம் நான் முதலில் கேட்பது அதன் மிக மோசமான மாதத்தின் எண்ணை. அதைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே புரிந்துவிடும்.

இன்னொன்று. அட்டவணையின் அடியில் "குறைந்தபட்சப் பொருளுள்ள வேறுபாடு" என்று ஓர் எண் இருக்கும். அது 0.6 என்றால் 7.1-உம் 6.8-உம் ஒன்றுதான். முதலிடம், மூன்றாமிடம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்தக் கடைசி வரியைப் படிப்பதே இல்லை.

ஜனவரி 28, பிற்பகல்

கேமரா இருக்கும்போது கண் எதற்கு என்று கேட்டவருக்கு: கேமராவும் வந்துவிட்டது. படத்தில் எத்தனை புள்ளி பச்சை என்று எண்ணிப் பசுமைப் பரப்பைக் கணக்கிடும் முறையை ஆர்கன்சா பல்கலைக்கழகத்தினர் 2001-இல் வெளியிட்டார்கள். வெளிச்சம் மாறாமலிருக்க அடிதிறந்த பெட்டிக்குள் விளக்குப் போட்டுப் படமெடுக்கலாம். பரப்பை அளக்க அதுதான் சரி. நான் 70 சதவீதமா 80 சதவீதமா என்று ஊகிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் களையும் பச்சைதான். பாசியும் பச்சைதான்.

பிப்ரவரி 6

வறட்சி தாங்குவது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு விஷயங்களை அடைக்கிறோம். ஒன்று ஆழமாக வேர்விட்டுத் தண்ணீரைத் தேடிப் பிடிப்பது. ஒன்று குறைவாகச் செலவழிப்பது. ஒன்று இலையைக் காயவிட்டு உறங்கிப் போய், மழை வந்ததும் மண்ணடித் தண்டிலிருந்து துளிர்ப்பது. முதலாவது வகை பச்சையாகவே இருக்கும். ஆனால் மண் ஆழமில்லாத இடத்தில் அந்தத் திறமை செல்லாது. மூன்றாவது வகை செத்தது போலக் கிடந்து மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ளும். நீண்ட பஞ்சத்தில் கடைசியில் மிஞ்சுவது அதுவாகவும் இருக்கலாம். அதனால் வாடல், உறக்கம், மீட்சி மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும்.

சிறு பாத்திகளில் ஒரு திருட்டும் நடக்கும். ஆழ வேர்விடும் ரகம் பக்கத்துப் பாத்தியின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். திருடனுக்கு 8, பறிகொடுத்தவனுக்கு 4. பாத்தியின் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மட்டும் பார்ப்பது இதற்குத்தான். மழை வந்து சோதனையைக் கெடுக்காமலிருக்க, மழை தொடங்கியதும் தண்டவாளத்தில் ஓடிவந்து பாத்திகளை மூடும் கூரைகள் வைத்திருக்கும் ஆய்வு நிலையங்கள் உண்டு. அது இல்லாதவர்கள் வானத்தைத் திட்டலாம்.

பிப்ரவரி 7

கேள்வி கேட்டவரே, உங்கள் திட்டு "கோடையில் வாடவில்லை" என்பதை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். குட்டைப் புல்லுக்கு இலைப்பரப்பு குறைவு. செலவழிக்கும் தண்ணீரும் குறைவாக இருக்கலாம். கசிவு இல்லாமலே அது நடக்கும். ஜனவரியில் நான் குழாயைச் சந்தேகித்தேன். இப்போது சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். தோண்டிப் பார்த்துவிட்டால் மீதிப் பாதியும் போகும்.

பிப்ரவரி 15

நிழல்: வலை கட்டிச் சோதிப்பதும் மரத்தடியில் சோதிப்பதும் ஒன்றல்ல. வலை எல்லா ஒளியையும் ஒரே மாதிரி குறைக்கும். மர இலை, புல்லுக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் தான் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விடும். கூடவே மரவேரின் போட்டி. பெர்முடாவுக்கு நிழல் ஆகாது என்பது பழைய செய்தி. அந்த இடங்களுக்குச் சோய்சியாவையோ செயின்ட் அகஸ்டின் புல்லையோ யோசியுங்கள்.

பிப்ரவரி 16

செயின்ட் அகஸ்டின் என்றதும் ஃப்ளோராடாம் கதை நினைவுக்கு வந்துவிட்டது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட ரகம். சின்ச் பூச்சி அந்தப் புல்லின் பெரும் எதிரி; சாற்றை உறிஞ்சித் தரையையே மஞ்சளாக்கிக் காயவைக்கும். ஃப்ளோராடாமை அது தொட முடியவில்லை. எங்கு பார்த்தாலும் ஃப்ளோராடாம் நட்டார்கள். 1980-களின் நடுவில் ஃப்ளோராடாமையும் தின்று பிழைக்கும் சின்ச் பூச்சிகள் வந்துவிட்டன. ஓடுதண்டில் பெருக்கும் ரகம் என்பதால் அத்தனை தரையும் ஒரே செடி. ஒன்றைத் தின்னக் கற்ற பூச்சிக்கு எல்லாம் விருந்து.

மெரியனும் அப்படித்தான். இலைப்புள்ளி நோய் தாங்குகிறது என்றுதான் அதைக் கொண்டாடினார்கள். பரவலாக நட்ட பிறகு துரு நோயும் கரிப்பூட்டை நோயும் அதைத் தேடி வந்தன. சோதனை வயலில் இல்லாத நோய்க்கு யாரும் மதிப்பெண் போட முடியாது. ஒரு ரகம் தூய்மையாக இருக்கிறது என்றால் அது எதிர்க்கிறதா, அல்லது நோய் இன்னும் வந்து சேரவில்லையா என்று கேட்க வேண்டும். எளிதில் நோய் வாங்கும் ரகத்தை வேண்டுமென்றே வரிசைகளுக்கு இடையில் நடுவார்கள். அது படுத்தால்தான் பக்கத்தில் நிற்பது நின்றதற்குப் பொருள் உண்டு.

பிப்ரவரி 18

பூச்சி பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. ரை புல்லிலும் ஃபெஸ்க்யூவிலும் இலையுறைக்குள் ஒரு பூஞ்சை குடியிருப்பது உண்டு. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அது சுரக்கும் கசப்புப் பொருள்களால் தண்டையும் இலையையும் தின்னும் பூச்சிகள் ஒதுங்கும். அந்தப் பூஞ்சை தாய்ச்செடியிலிருந்து விதை வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். மகரந்தம் வழியாகப் போகாது. எனவே கலப்பில் யாரைத் தாயாக வைக்கிறோம் என்பது இரண்டு மடங்கு முக்கியம். விதையை வெப்பமான இடத்தில் நாள்பட வைத்தால் பூஞ்சை செத்துவிடும், விதை மட்டும் முளைக்கும். அதே ரகம், அதே சீட்டு, பாதுகாப்பு மட்டும் போயிருக்கும்.

மேய்ச்சலுக்கு மட்டும் இது ஆகாது. கென்டக்கி-31 தின்ற மாடுகள் நொந்துபோனதற்குக் காரணம் இந்தக் குடியிருப்பாளர்தான். புல்தரைக்கு வரம், மாட்டுக்கு விஷம்.

மார்ச் 3

"குட்டையாக, மெதுவாக வளரும் புல்தான் எல்லோருக்கும் வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" வெட்டுகிறவருக்கு வேண்டும். வளர்த்து விற்கிறவருக்கு வேண்டாம். மேயர் என்ற சோய்சியா 1951-இல் வந்தது. குளிர் தாங்கும், நெருக்கமாக இருக்கும். ஆனால் தரையை மூட அது எடுத்துக்கொள்ளும் காலம் பொறுமையைச் சோதிக்கும். புல் விரிப்பாகச் சுருட்டி விற்கிறவர் ஒரு முறை வெட்டியெடுத்த வயல் மறுபடி மூடுவதற்காகக் காத்திருக்க வேண்டும். சுருட்டும்போது விரிப்பு கிழியாமலிருக்க அடித்தண்டுகள் நன்றாகப் பின்னியிருக்கவும் வேண்டும். பாதி வழியில் பிய்ந்துபோகும் விரிப்பை எந்த மதிப்பெண்ணும் காப்பாற்றாது.

விதை ரகங்களில் இந்த முரண் இன்னும் கூர்மை. தரைக்குப் பூங்கதிர் வரக்கூடாது, விதைப்பண்ணைக்கு வந்தே ஆக வேண்டும். தரையில் அழகாக இருந்து விதைப்பண்ணையில் கைவிரித்த புளூகிராஸ்கள் ஏராளம். விதை உற்பத்தி செய்கிறவரின் வயலிலும் ஒரு பாத்தி போட்டுப் பார்க்காமல் ரகத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

மார்ச் 4

விட்டுப்போனது: மிதி. பல் வைத்த இரண்டு உருளைகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டுப் பாத்திமேல் இழுத்தால் ஓடுகிறவர்களின் காலணி கிழிப்பதும் அழுத்துவதும் ஒன்றாக நடக்கும். கிழிந்ததைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்பதையும் எழுதுங்கள். பெர்முடா இதில் அரசன். மெதுவாக வளரும் ரகங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 22

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஒற்றைக் கணுவிலிருந்து தொட்டியில் வளர்த்தபோது கருமை ஏறக்குறைய மறைந்துவிட்டதாம்; டிஃப்வேக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணப் பச்சைதானாம். குட்டைத்தனம் மட்டும் போகவில்லை. கணுவிடை, அதாவது ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையிலான நீளம், பக்கத்துப் புல்லில் பாதிதான் இருக்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறார். சோர்ந்துபோனது போலத் தெரிகிறது.

ஏன் சோர்வு? நிறம் மண்ணுடையது, கணுவிடை புல்லுடையது. இரண்டில் உருப்படியானது பின்னது. நிறத்துக்கு இரும்புச்சத்துத் தெளித்துக்கொள்ளலாம். கணுவிடைக்கு எந்தத் தெளிப்பும் நிரந்தரம் ஆகாது. கரும்பச்சை மோகம் எனக்கு என்றுமே புரிந்ததில்லை. அளவுக்கு மீறிக் கருத்த ரகத்தைப் பழைய தரையில் ஒட்டுப்போட்டால் காயத்தழும்பு போலத் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறார். உங்கள் தரை டிஃப்கிரீன் வழியைச் சேர்ந்ததாக இருந்தால் மொட்டு மாற்றமாக, அதாவது விதை இல்லாமல் ஒரு மொட்டில் தானாக நேர்ந்த மரபு மாற்றமாக இருக்க நிறைய வாய்ப்பு. 1965-இல் வந்த டிஃப்டுவார்ஃப், டிஃப்கிரீன் தரைகளில் தானாகத் தோன்றிய குட்டைத் திட்டுத்தான். அதே காரணத்தால் எச்சரிக்கை: ஏற்கெனவே யாரோ கண்டெடுத்து வெளியிட்ட குட்டை ரகம் ஒன்று பழைய நாற்றோடு கலந்து உங்கள் தரைக்கு வந்திருக்கவும் கூடும். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மொட்டு மாற்றத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் டி.என்.ஏ. வேறுபாடு மிகச் சிறிது. சோதனை "தாய்தான்" என்று சொன்னாலும் குட்டைத்தனம் பொய்யாகிவிடாது.

ஆகஸ்ட் 24

துண்டு கொடுக்காதீர்கள் என்று ஜனவரியில் சொன்னதன் காரணம். புதிய தாவர ரகங்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1961-இல் உருவானது. அதைப் பின்பற்றும் நாடுகளில் நான்கு கேள்விகள் கேட்பார்கள். மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபடுகிறதா? செடிகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா? பெருக்கினாலும் மாறாமலிருக்கிறதா? புதியதா? கடைசிக் கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு முன்பே உங்கள் சம்மதத்தோடு சொந்த நாட்டில் அதை விற்றிருந்தாலோ, பயன்படுத்துவதற்காகப் பிறருக்குக் கொடுத்திருந்தாலோ புதியது என்ற தகுதி போய்விடும். சோதிக்கக் கொடுப்பது வேறு கணக்கு. அதற்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

வெறுமனே கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டா என்றால், கண்டெடுத்து வளர்த்தெடுத்தவருக்கு உண்டு என்கிறது 1991-ஆம் ஆண்டுத் திருத்தம். தொட்டியில் கணு கணுவாகச் செய்தீர்களே, அது வளர்த்தெடுத்தலில் சேரும். குறிப்பேட்டைப் பத்திரமாக வையுங்கள்.

செப்டம்பர் 2

"இனி என்ன?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். களத்துக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் புல், பக்கத்துப் புல், டிஃப்வே, வெளியான குட்டை ரகம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி, இடத்தைக் குலுக்கிப்போடுங்கள். இரண்டு உயரத்தில் வெட்டுங்கள். குட்டைப் புல் தாழ்ந்த வெட்டில் ஜொலித்துவிட்டு உயர்ந்த வெட்டில் செத்தை சேர்த்துப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பாத்திக்கு உரத்தைக் குறையுங்கள். சீராட்டி வளர்த்தால் எல்லாப் புல்லும் 7 வாங்கும், எதுவும் தெரியவராது. வாங்கிப் போகிறவர் எப்படிக் கவனிக்காமல் விடுவாரோ அப்படி விட்டுப் பாருங்கள். குறைந்தது இரண்டு குளிர்காலம், இரண்டு கோடை. முடிந்தால் வேறு மண்ணிலும் ஒரு தொகுதி.

பாத்திக்கு எண் மட்டும், ரகத்தின் பெயர் வேண்டாம். மதிப்பெண் போடும் வேலையை அது உங்கள் புல் என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் போட்டால் உங்கள் பாத்திக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் மேகம் விலகும்.

செப்டம்பர் 2, இரவு

மூலையில் குச்சி நட்டுப் பெயர் எழுதி வைப்பதை நம்ப வேண்டாம். முதல் மாதத்திலேயே வெட்டும் இயந்திரம் தின்றுவிடும். நிலையான இரண்டு சுவர்களிலிருந்தோ கம்பங்களிலிருந்தோ அளந்து வரைபடம் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறொருவரிடமும் வையுங்கள். பாத்திகளுக்கு இடையே அரை மீட்டர் வெறும் மண் விட்டு, ஓடுதண்டு குறுக்கே போகாமல் வாரம் ஒருமுறை ஓரம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெர்முடாவுக்கு அரை மீட்டர் ஒரு தூரமே இல்லை.